கோடு போட்ட ஜக்

மார்கோ கரண்டியைத் தேடவில்லை. ஜக்கை அப்படியே தூக்கி, அதிலிருந்த மாவைச் சூடான கல்லில் ஊற்றினாள்.

செம்பியனின் கண் அந்த ஜக்கை விட்டு நகரவில்லை.

வெள்ளை பிளாஸ்டிக் ஜக். பக்கவாட்டில் பால், தண்ணீர் அளக்கச் சிவப்புக் கோடுகள்.

அவன் லியோனுக்குப் படிக்க வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே கழிவறை. கூட இருக்கும் மூன்று பிரெஞ்சு மாணவர்களும் இதுவரை ஒரு வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஞாயிறு மதியங்களில் அவர்கள் சிரிக்கும் சத்தமும் வெண்ணெய் உருகும் வாசனையும் அவன் கதவுக்கு அடியில் வரும். அவ்வளவுதான்.

இன்று அவர்களில் ஒருத்தியான மார்கோ கதவைத் தட்டினாள். வா, எங்களோடு சாப்பிடு என்றாள்.

இதை விட்டால் அவள் இன்னொரு முறை தட்டமாட்டாள். பேச ஆளில்லாமல் வரப்போகிற குளிர்காலத்தை ஓட்ட அவனால் முடியாது.

போதாக்குறைக்கு ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது. மேசையில் சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்து வைத்த போனில், காரைக்கால் பக்கத்துப் பூவத்து வீட்டுக் கூடம். அம்மா அஞ்சுகம், தங்கை தமிழ்மொழி, சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து காலைக்கூடக் கழுவாத அப்பா. மூவரும் தலையோடு தலை இடித்துக்கொண்டு தெரிந்தார்கள். காரைக்காலில் எப்போதோ எந்தப் பெரியவரிடமோ பொறுக்கிவைத்த ‘போன்ழூர்’ என்ற பிரெஞ்சு வணக்கத்தை அப்பா எடுத்துவிட்டார். மேசை முழுக்கச் சிரித்து, திருப்பிச் சொன்னது.

இந்த வீட்டில் காலை வைத்த நாளிலிருந்து செம்பியனுக்கு எல்லாமே அருவருப்பு.

செருப்புக் காலோடு கட்டிலில் ஏறுகிறார்கள். ரொட்டியைத் தட்டில்லாமல் மேசைமேலேயே போடுகிறார்கள். அதே மேசையில் பூனை நடக்கிறது. பாத்திரத்தை நுரையோடு கவிழ்த்துவிட்டுக் கழுவியாயிற்று என்கிறார்கள்.

அதெல்லாம் போகட்டும். கழிவறையில் தண்ணீர் கிடையாது. காகிதம்தான். துடைத்துப் போட்டுவிட்டு, கையை மட்டும் மணக்க மணக்கக் கழுவிக்கொண்டு வெளியே வருகிறார்கள். கையைக் கழுவி என்ன பிரயோசனம்? இந்த ஜனங்களை நினைத்தாலே உடம்பெல்லாம் அரித்தது.

கிளம்பும்போது பெட்டியில் ஒரு பச்சை மக் வைத்திருந்தான். அம்மாதான் எடுத்து வெளியே போட்டாள். பிரான்சில் மக்குக்கா பஞ்சம் என்று சொல்லி, அந்த இடத்தில் நார்த்தங்காய் ஊறுகாயைத் திணித்தாள். இங்கே கடைகளில் எல்லாம் இருந்தது. அது மட்டும் இல்லை.

அதனால் தினமும் காலையில் கழிவறைக்குள் அவன் கையில் இருப்பது இந்த ஜக்தான். கைப்பிடி உண்டு, மூக்கு உண்டு, ஒரு தடவைக்குப் போதுமான தண்ணீர் பிடிக்கும். இன்று காலையும் இருந்தது.

இப்போது அதன் மூக்கிலிருந்து மாவு வழிந்தது.

எழுந்து தடுத்திருக்கலாம். வேண்டாம் என்பதற்குப் பிரெஞ்சு வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லவேண்டிய வார்த்தையும் அவனுக்குத் தெரியும். அதைச் சொன்னபிறகு இந்த வீட்டில் யார் முகத்தில் விழிப்பது?

சுட்ட அப்பம் தட்டில் வந்து விழுந்தது. மெல்லியதாக, ஓரம் சிவந்து, மேலே சர்க்கரை. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான். மெல்லவில்லை. நாக்கின்மேல் அது வெதுவெதுப்பாகக் கிடந்தது.

“பிரான்சு வரைக்கும் போயி தோசையத்தான் திங்கிறியா?” என்றாள் தமிழ்மொழி. “அதுக்குக் கோட்டுச்சேரி கடையே போதுமே.”

அம்மா அவளை அதட்டிவிட்டுப் போனுக்குள் வந்துவிடுவதுபோல் குனிந்தாள்.

“ஏம்ப்பா, அந்தப் புள்ள ஆசையா சுட்டுக் குடுக்குது, நீ மூஞ்சிய இப்டி வெச்சிக்கிறியே. முழுங்கு.”

முழுங்கினான்.

நன்றாக இருக்கிறது என்று மார்கோவிடம் பிரெஞ்சில் சொன்னான். அவள் முகம் மலர்ந்தது. மற்ற இருவரும் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, ஊரில் கடல் எவ்வளவு தூரம், அரிசி வயலில் பாம்பு இருக்குமா என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு மாதமாக அவன் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தான். பதில் சொல்ல வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

அதற்குள் அம்மாவின் கண் அடுப்பு மேடைக்குப் போய்விட்டது.

“அந்தக் கோடு போட்ட ஜக்கு லெச்சணமா இருக்கு. வரும்போது நம்ம வூட்டுக்கு அதே மாரி ஒண்ணு வாங்கிட்டு வாப்பா.”

அம்மா என்ன சொல்கிறாள் என்று மார்கோ கேட்டாள். வேறு வழியில்லாமல் சொன்னான். அவளுக்கு ஒரே குஷி. ஜக்கைக் கொண்டுவந்து, அம்மா நன்றாகப் பார்க்கட்டும் என்று போன் முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டினாள். இது தன் அம்மா கொடுத்தது என்றாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஞாயிறுதோறும் மாவு கரைப்பது இதில்தான். இதற்கென்று அலமாரியில் ஒரு இடம் இருக்கிறது, அதிலிருந்து இதை யாரும் நகர்த்தக்கூடாது என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்த இடம் செம்பியனுக்குத் தெரியும். மேல்தட்டு, உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில். கைப்பிடி சுவரைப் பார்த்து இருக்கவேண்டும்.

தினமும் மற்றவர்கள் எழுவதற்குமுன் அங்கிருந்துதான் எடுக்கிறான். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, கைப்பிடி சுவரைப் பார்க்க அங்கேயே திருப்பி வைத்துவிடுகிறான். வந்த மறுநாளிலிருந்து.

மார்கோ இரண்டாவதை அவன் தட்டில் போட்டாள்.

போன ஞாயிறுகளில் அவர்கள் மூவரும் மட்டும்தான் சாப்பிட்டார்கள். இன்றைக்குத்தான் அவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.