முந்தி வெடித்த கடுகு

சாம்பார்ச் சட்டியின் தலைவர் தேர்தலில் தாளிப்புக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதுதான் அடுப்படியில் ஒரே பேச்சு. கரண்டியைச் சாம்பாரில் கவிழ்க்கிற நேரத்தில்தான் கட்சி முடிவைச் சொல்லும். அது அங்கே வழக்கம்.

எண்ணெய் காய ஆரம்பித்ததுமே ஒரு கடுகு எல்லாருக்கும் முந்தி வெடித்து எழும்பியது.

"முடிஞ்சுது. அண்ணன்தான் வேட்பாளர்," என்றது தட்டில் காத்திருந்த கறிவேப்பிலை.

"மத்த கடுகெல்லாம் இன்னும் வெடிக்கவே இல்லையே," என்றது பக்கத்தில் கிடந்த காய்ந்த மிளகாய்.

"உனக்கு அரசியல் தெரியாது. அண்ணன் எவ்வளவு உயரம் போறார் பாரு."

உண்மைதான். அண்ணன் நல்ல உயரம் போனார். கரண்டி விளிம்பையும் தாண்டிப் போய் அடுப்பு மேடையில் விழுந்தார். விழுந்த இடத்திலேயே நிமிர்ந்துகொண்டு, "என்மேல் நம்பிக்கை வைத்த உங்கள் அனைவருக்கும் நன்றி," என்று ஏற்புரையைத் தொடங்கினார். கரண்டிக்குள் மற்ற கடுகுகள் படபடவென்று வெடித்த சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. பேச்சு முடிவதற்குள் கரித்துணி வந்து அவரைத் துடைத்துக்கொண்டு போனது.

மிளகாய் கறிவேப்பிலையைப் பார்த்தது.

"அதோ, அந்த ஓரத்துச் சின்னக் கடுகு," என்றது கறிவேப்பிலை. "நான் ஆரம்பத்திலிருந்தே அவரைத்தானே சொல்லிட்டிருக்கேன்."