பொருந்தாத ஆக்ஸில்

மச்சான் கொண்டுவந்து இறக்கிய பின்பக்க ஆக்ஸிலை மெக்கானிக் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இது எந்த வருஷ மாடல்னு துரைக்குத் தெரியுமா?"

துரை என்றது மனைவியின் தம்பியை. கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு அவர் வைத்த பெயர்.

"அதே வண்டிதானே மாமா. பழைய சாமான் கடையில இதுதான் கிடைச்சுது."

அதே வண்டிதான். ஆனால் இரண்டு வருடம் பிந்திய மாடல். ஸ்பிரிங் பட்டை உட்காரும் இரும்புத் திண்டுகள் இரண்டு பக்கமும் இரண்டு விரல் தள்ளியிருந்தன. வெட்டியெடுத்து உள்ளே தள்ளிப் பற்றவைக்க வேண்டும் என்றார். வெட்டிவிட்டால், கழற்றிய வண்டிக்கே அது திரும்பப் பொருந்தாது.

அவருடைய வண்டி ஷெட்டில் கட்டைகளின் மேல் நின்றது. முறிந்த ஆக்ஸில் ஓரமாகக் கிடந்தது. அதன் நட்டுகளில் சிவப்புப் பொட்டுகள். தான் முறுக்கிய நட்டில், மனைவி மிச்சம் வைக்கும் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பார். ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

நாளையிலிருந்து அவளுக்கு ஆஸ்பத்திரியில் தினமும் சிகிச்சை. பஸ் குலுக்கலை அவள் முதுகு தாங்காது. தினமும் வாடகை வண்டிக்கு வழியில்லை.

மச்சான் தன் வண்டிச் சாவியை நீட்டிப் பார்த்தான். "அக்காவ வச்சு ஊருக்குப் பவுசு காட்டவா?" என்று மெக்கானிக் அதை வாசலில் வீசியெறிந்தார். அது முந்தாநாள்.

இன்று சரக்கு ஆட்டோவில், டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வந்திருக்கிறான். வெயிலில் பெயிண்ட் மங்கிவிடும் என்று சொந்த வண்டியைப் பூட்டி வைத்திருப்பான். மகராசன்.

அவன் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

"ஏத்தி இறக்கினதுக்கே இப்படியா? பூப்போல வளத்திருக்காங்க."

கடவுள் இவனுக்கு இரண்டு கையைக் கொடுத்துவிட்டு, அவற்றுக்கு ஒரு வேலையைக் கொடுக்க மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

ஆக்ஸில் முழுக்க யாரோ கிரீஸை அள்ளி அப்பியிருந்தார்கள். தேவையே இல்லாத இடங்களில்.

"எந்த மடையன்டா இதுக்கு சந்தனம் பூசினது?"

மச்சான் வாசலுக்குப் போனான்.

வெட்டும் மெஷினை எடுத்து வைத்துக்கொண்டு, மெக்கானிக் துணியால் கிரீஸைத் துடைத்தார்.

பிரேக் டிரம்முக்குப் பின்னால், நட்டின் மேல், சிவப்பாக ஒரு பொட்டு.

பக்கத்து நட்டிலும்.

போன மழைக்காலத்தில், பின் சக்கரம் உறுமுகிறது என்று இதே மாடல் வண்டி ஒன்று ஷெட்டுக்கு வந்தது. பேரிங் மாற்றிக் கொடுத்து, வண்டிக்காரனைத் தெருவே கேட்கத் திட்டி அனுப்பியது அவர்தான். வண்டிக்காரன் அன்றும் இப்படித்தான், "சரி மாமா" என்று வாசலுக்கு நகர்ந்தான்.

வாசலில் மச்சான், ஊருக்குக் கடைசி பஸ் எப்போது என்று ஆட்டோக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

மெக்கானிக் துணியிலிருந்த கிரீஸைத் திரும்ப எடுத்தார். பொட்டுகள் மறையும்வரை பூசினார்.

பிறகு மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு, கனமான தகடு ஒன்றைத் தேடியெடுத்து, துளைபோட உட்கார்ந்தார். நடுவில் தகடு கொடுத்துப் பட்டையை உட்கார வைக்கலாம். வேலை இரட்டிப்பு. ஆனால் பின்னொரு நாள் கழற்றும்போது, ஆக்ஸில் வந்தது வந்தபடி இருக்கும்.

"வெட்டணும்னு சொன்னீங்களே மாமா?"

"நீ தூக்கிட்டு வந்த குப்பைக்கு என் பிளேடு தேயணுமா? தள்ளி நில்லுடா, வெளிச்சத்த மறைக்காத."

தள்ளி நின்றான்.

"பஸ்ஸுக்கெல்லாம் போக வேணாம். மாட்டினதும் எப்படியும் ஓட்டிப் பாக்கணும். அப்படியே உன்ன உன் வீட்டு வாசல்ல தள்ளிட்டு வர்றேன், துரை."