கயிற்றுக்கு இந்தப் பக்கம்

"நாலு பேரும் நாலு ஊர். சாயங்காலத்துக்குள்ள ஒரே குடும்பமா ஆயிடுவீங்க பாருங்க!"

பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு குழுவிடமும் ஓர்னெல்லா சொல்லும் அதே வேடிக்கைதான். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சொன்னவளும்தான்.

ரோமிலிருந்து வந்த அசுந்தா அம்மாள், டூரினிலிருந்து மிர்கோ என்ற இளைஞன், இன்னும் இரண்டு நடுவயது ஆண்கள். ஒருவரையொருவர் பேர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் மலைப்பாதையில் அவள் பின்னால் நடந்தார்கள். இவர்களில் ஒருவர் தன்னை வேவு பார்க்கச் சுற்றுலாக் கம்பெனி அனுப்பிய ஆள் என்று ஓர்னெல்லா நினைத்தாள்.

அனுப்பாமல் என்ன செய்வார்கள்? போன அக்டோபரில் இதே பாதையில், இவள் அழைத்துவந்த குழுவில் ஒருவன் படம் எடுக்கப் போய்ப் பள்ளத்தில் விழுந்து செத்தான். "ஓடிப்போய் அவன் பையைப் பிடித்தேன், வார் அறுந்து கையோடு வந்துவிட்டது" என்று இவள் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. இவள் தன்பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள் என்று கூட வந்தவர்கள் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை தீர்ப்பு. வழிகாட்டி உரிமம் போகும், ஜெயிலும் கிடைக்கலாம். செத்தவன் வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்று வக்கீல் தடுத்ததால் அடக்கத்துக்குக்கூட அவள் போகவில்லை. எட்டு மாதமாக அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

"ஓர்னெல்லா, நான் பணம் கட்டினது மலையைப் பாக்க. உங்க முதுகைப் பாக்க இல்ல," என்றான் மிர்கோ.

"முதுகைப் பாத்து வந்தாத்தான் முழுசா வீடு போய்ச் சேருவீங்க," என்றாள் திரும்பாமல்.

மதியம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, உப்பில்லாத ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் சாப்பிட்டார்கள். அசுந்தா ரொட்டியின் மெத்தென்ற பகுதியைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மொறுமொறு ஓரத்தை மிர்கோவிடம் நீட்டினார். அவன் கேட்கவும் இல்லை, வாங்கிக்கொண்டு நன்றி சொல்லவும் இல்லை. ஓர்னெல்லா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மனசில் எதுவும் பதியவில்லை.

"ராத்திரில தூங்குறியாம்மா?" என்று அசுந்தா திடீரென்று கேட்டார்.

"மாத்திரை போட்டா தூக்கம் வரும்."

"எனக்கும் மாத்திரைதான்," என்றார் அவர்.

மூன்று மணிக்கு, போன அக்டோபரில் அவன் விழுந்த அந்த வளைவு வந்தது. விளிம்போரம் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. ஓர்னெல்லா அந்தப் பக்கம் பார்க்காமலே சொன்னாள்.

"கயித்துக்கு இந்தப் பக்கமே நில்லுங்க. படம் எடுக்கிறவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

சொல்லிவிட்டு இருபதடி போயிருப்பாள். பின்னால் சரளைக்கல் உருளும் சத்தம். திரும்பினால், மிர்கோ கயிற்றைத் தாண்டிப் போய்ப் பள்ளத்தின் விளிம்பில், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

அவள் யோசிக்கவில்லை. ஓடிப்போய் வலது கையால் ஒரு செடியின் வேரைப் பற்றி, இடது கையை எட்டி அவன் பையின் வாரைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தார்கள்.

"சொன்னேனே! சொன்னேனே உங்ககிட்ட!" எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது.

மிர்கோ பயந்தவனாகவே தெரியவில்லை. அவன் சட்டை விலகியிருந்தது. இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதன் மறுமுனையை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நடுவயதுக்காரர்கள் இருவரும் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அசுந்தா மெதுவாக வந்து பக்கத்தில் மண்டியிட்டார். வாரை இன்னும் விடாமல் வெளுத்துப்போயிருந்த அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"என் மூத்தவனையும் இப்படித்தான் பிடிச்சியாம்மா?"