கூரை ஜன்னலுக்கு ஒரு தாழ்ப்பாள்

தஞ்சாவூர்ப் பட்டறையில் கலியமூர்த்தி ஆசாரி கொடுத்த மூன்றாவது தாழ்ப்பாளையும் பொன்னுத்தாய் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள்.

"இதுவும் சிக்குது ஆசாரி."

"கூரை ஜன்னலுக்கு எதுக்கும்மா இவ்வளவு? வீட்ல யாருக்காச்சும் கண்ணு தெரியாதா?"

"எல்லாருக்கும் நல்லாத் தெரியும்."

மாதிரி ஜன்னலில் பொருத்தியிருந்த நான்காவதில் கயிற்றை இழுத்ததும் கொக்கி விலகிக் கதவு திறந்தது. அவள் முகம் மலர்ந்தது.

"இதான். ஆறு வயசு மகளே இழுத்துடுவா."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"புகையில எப்படிக் கண்ணைத் திறக்கிறது ஆசாரி? அரைப்படி நெல்லு கூலி கூடக் கேட்ட வருஷம், மிராசுதாரு ஆளுங்க வாசலை வெளியில பூட்டிட்டு எங்க குடிசையைக் கொளுத்துனாங்க. கீத்துக் கூரைங்கிறதால அம்மா கையால பிச்சு என்னை வெளியில தள்ளிட்டாங்க. இப்ப நான் கட்டுறது ஓட்டு வீடு."