வயதுவாரியாக

பென்னாகரம் புத்தகக் கண்காட்சியில் சிறுவர் நூல்களை வயதுவாரியாக அடுக்கியிருந்தார்கள். காவியா இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள்.

"பாப்பாவுக்கு எத்தனை வயசு?" என்றாள் கடையிலிருந்த பாரதி.

"ஒண்ணுங்க்கா. கிழியாததா குடுங்க."

பாரதி நீட்டிய கெட்டி அட்டைப் புத்தகத்தைக் குழந்தை உடனே கடித்தது.

"உனக்கு எத்தனை?"

"பதினாறு."

அந்த வயதுக்கான புதுப் புத்தகம் ஒன்றையும் பாரதி எடுத்துக் கொடுத்தாள். காவியா நின்றபடியே நான்கு பக்கம் படித்தாள். பிறகு மூடி வைத்தாள்.

"வூட்ல ஒண்ணுதான் வாங்கச் சொன்னாங்க்கா."

"தங்கச்சிக்கு மட்டுமா? நல்லாருக்குதே! உனக்கும் ஒண்ணு வேணும்னு அம்மாகிட்டக் கேளு."

காவியா குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றினாள்.

"இவளுக்கு அம்மா நான்தாங்க்கா. ரெண்டுக்கும் பில் போடுங்க."