ரெகேக்காரன் முடி

ரெகே பாடகன் ஜீவராஜ் ஜமைக்காப் பாடகர்கள் பாணியில் இடுப்பு வரை வளர்த்த சடையைக் கண்டாலே அப்பா செல்லசாமிக்குப் பற்றிக்கொண்டு வரும். "லயத்து சனங்க முன்னால தலைகாட்ட முடியல. வெட்டி எறிடா!"

"அவன் முடியில யாராச்சும் கை வச்சீங்க, அப்புறம் நடக்குறதே வேற!" என்று பாய்வாள் அம்மா. பத்து வருஷமாக இதே கூத்து.

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்திலேயே ரெகே புரிந்த ஒரே ஜீவன் அம்மாதான் என்று ஜீவராஜுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஜெர்மனிக் கச்சேரிக்கு விசா கிடைத்ததும் முதலில் அவளிடம்தான் ஓடினான்.

அம்மா கண்கலங்கினாள். கையோடு சலூன்காரரைக் கூட்டிவர ஆளும் அனுப்பினாள்.

"எதுக்கும்மா?"

"நீ வெளிநாடு போக வழி கெடைச்சா ஒனக்கு மொட்டை போடுறதா மாரியம்மனுக்கு நேந்த முடிடா இது. அதான் இத்தனை வருஷமா காவல் காத்தேன்."

"ஐயோ, போஸ்டர் பூரா என் முடிதாம்மா இருக்கு!"

"நல்லதாப் போச்சு. இனியாவது ஒன் மொகத்தைப் பாக்கட்டும்."