டெரிக்கின் நாக்கு

டொக். டொக். டொக்.

நிலவறையிலிருந்து மரச்சுத்தியல் சத்தம். சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த லலிதா நிமிரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கேட்கிற சத்தம்தான். ஆனால் இன்று ஞாயிறு. இன்று அந்தச் சத்தத்துக்காக வெளியே பாரில் முப்பது பேர் காத்திருந்தார்கள்.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் இந்த மதுக்கடையை, இந்தப் பப்பை, எடுத்த வருசமே லலிதாவின் கணவன் பாஸ்கரன் ஓர் ஓக் பீப்பாயில் ஏல் பியரை நிரப்பி, நிலவறையில் படுக்கப் போட்டிருந்தான். ஐந்து வருசம் ஆகிறது. கிடக்கக் கிடக்க ருசி கூடுமாம். "எங்கட பப்பின்ர பேர் சொல்ல ஒரு சாமான் வேணும்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டான்.

ஒரேயொரு சிக்கல். பாஸ்கரனும் லலிதாவும் விற்பார்கள். ஒரு சொட்டுக் குடிக்கமாட்டார்கள். ஆகவே ருசி பார்க்கிற நாக்கு டெரிக்குடையது. முப்பது வருசம் பியர் ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற கிழவர். டெரிக் 'சரி' என்று சொன்னால்தான் பீப்பாய் மற்றவர்களுக்குத் திறக்கும். அது பாஸ்கரனின் சட்டம்.

சத்தம் நின்று கொஞ்ச நேரத்தில் ஸ்ரீதரன் கையில் சூப் கோப்பையோடு உள்ளே வந்தான். அடுத்த தெரு எலெக்ட்ரீஷியன்.

"என்னவாம் டெரிக்?" என்றாள் லலிதா.

"ஒரு மிடறு குடிச்சார். கண்ணை மூடினார். 'இன்னொரு வருசம் கிடக்கட்டும்' எண்டிட்டார்."

"திரும்பவுமோ? இதோட மூண்டாம் முறை!"

"அந்த மனுசன் இருக்குமட்டும் எங்களுக்குக் கிடையாது, அக்கா." கோப்பையை மேசையில் வைத்தான். சூப் அப்படியே இருந்தது. "இன்னொண்டு. குறை நினைக்கக்கூடாது. சூப்பெண்டு கடல் தண்ணியை அள்ளி வச்சிருக்கிறியள்."

லலிதாவுக்குத் திக்கென்றது. கந்தசஷ்டி விரதம், நாலாம் நாள். வாயில் வைத்துப் பார்க்க ஏலாது. டெலிவரிக்காரன் பெல் அடிக்க முன்னம் ஒருக்கால், அவன் போன பிறகு ஒருக்கால். இரண்டு தரம் உப்புப் போட்டிருக்கிறாள்.

"ஐயோ! ஆருக்கெல்லாம் போச்சு?"

"எனக்கும் டெரிக்குக்கும்தான். அவர் முழுக்கக் குடிச்சுப்போட்டுக் கோப்பையைப் பாண் துண்டாலை துடைச்சும் சாப்பிட்டார். அருமையாம்."

லலிதாவின் கையில் கத்தி நின்றது.

பாஸ்கரன் படியேறி வந்தான். முகம் தொங்கியிருந்தது. கையில் டெரிக் குடித்து மிச்சம் வைத்த கிளாஸ்.

"இஞ்சருங்கோ, உங்கட டெரிக்குக்கு நாக்குச் செத்துப்போச்சு."

"என்ன கதை கதைக்கிறீர்?"

"இந்தச் சூப்பை மாடும் குடிக்காது. அந்த மனுசன் வழிச்சுத் துடைச்சிருக்கு. உப்பே தெரியாத ஆள் மூண்டு வருசமா உங்களை ஆட்டி வைக்குது! பெரிய ஆலைக்காரன் எண்ட பேர் போயிடுமெண்டு வாயைத் திறக்கேல்லை. இப்ப எல்லாருக்கும் முன்னாலை கேக்கிறன். இனி அந்தாள் ருசி பாக்கத் தேவையில்லை."

"கொஞ்சம் பொறும், லலிதா." பாஸ்கரன் கிளாஸை நீட்டினான். "ஸ்ரீ, நீ ஒருக்கால் குடிச்சுப் பார்."

ஸ்ரீதரன் ஆசையாக ஒரு மிடறு எடுத்தான். அடுத்த நொடி சிங்குக்கு ஓடித் துப்பினான்.

"அண்ணை, இது பியரில்லை, புளிச்ச வினாகிரி!"

"என்ன?"

"சிப்ஸுக்கு ஊத்தலாம். இண்டைக்கு நேற்றுக் கெட்டதில்லை. காத்துப் பட்டிருக்கு. ஆரும் திறந்தவையோ?"

"ஆரும் தொடயில்லை. நான் மட்டும்தான்... வெள்ளிக்கு வெள்ளி தக்கையைத் தட்டிக் கழட்டி, சாம்பிராணி காட்டிப்போட்டு..."

"தக்கையைக் கழட்டியோ?"

"புகை உள்ளுக்கும் போகட்டும் எண்டு..."

ஸ்ரீதரன் வந்த சிரிப்பை விழுங்கினான். பாஸ்கரன் ஸ்டூலில் இருந்துவிட்டான். "முப்பது பேர், ஸ்ரீ. எல்லாருக்கும் ஊத்திக் குடுத்திருந்தால் நாளைக்கு நான் இந்தக் கதவைத் திறக்கேலுமோ?"

லலிதாவுக்கு ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை. "பாத்தியளே, வினாகிரியும் தெரியேல்லை அந்தாளுக்கு!" கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

டெரிக் வழக்கமான ஜன்னலோர மேசையில் இருந்தார். பக்கத்து மேசைக்காரன் நக்கலடித்துக்கொண்டிருந்தான்.

"டெரிக், உனக்கு நூறு வயசு வர எங்களுக்குத் திறப்பியோ?"

"அவசரப்படாதே," என்றார் டெரிக். "பாஸ்கரன் மாதிரி ஒரு பீப்பாயைப் பார்த்துக்கொள்கிற ஆளை என் சர்வீசில் நான் கண்டதில்லை."

லலிதா மேசைக்குக் கிட்டப் போய் வாயைத் திறந்தாள். அப்போதுதான் மேசை கண்ணில் பட்டது.

துடைத்து வைத்த சூப் கோப்பை. அதற்குப் பக்கத்தில் பெரிய தண்ணீர் ஜக். சூப்போடு அவளே விளிம்புவரை நிரப்பி வைத்தது. இப்போது அடியில் ஒரு சொட்டு இல்லை.

"சூப் அருமை, லலிதா," என்றார் டெரிக். "சிரமம் இல்லையென்றால், இன்னும் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?"

அவள் ஜக்கை எடுத்துப்போய் நிரப்பி, கொண்டுவந்து வைத்தாள். பிறகு சமையலறைக்குத் திரும்பினாள்.

"கேட்டீரோ?" என்றான் பாஸ்கரன், தலையை நிமிர்த்தாமல்.

"அந்த மனுசன்ர நாக்கிலை ஒரு குறையும் இல்லை. உப்பும் தெரிஞ்சிருக்கு, வினாகிரியும் தெரிஞ்சிருக்கு" என்றாள் லலிதா. பாதியில் விட்ட உருளைக்கிழங்கை எடுத்துச் சீவத் தொடங்கினாள்.